கோச்சை மாற்றினால் கோல் விழுமா?

கோவில்பட்டியில் யாராவது "நம்ம டீம் தோத்துப்போச்சு" என்று சொன்னால், முதல் கேள்வி "ஹாக்கியிலயா?" என்றுதான் வரும். ஹாக்கிப்பட்டி என்று செல்லப் பெயர் வாங்கிய ஊர் அது. ஆனாலும் 2025 நவம்பர் 18 ராத்திரி டாக்காவில் வங்கதேசத்திடம் இந்திய ஃபுட்பால் அணி 0-1 என்று தோற்றது, அந்த ஊர் டீக்கடையிலும் பேசவேண்டிய விஷயம்தான். வங்கதேசத்திடம் இந்தியா தோற்று 22 வருஷம் ஆகியிருந்தது. அதற்கு முந்தின மாதமே, கோவாவில் சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்று, 2027 ஆசியக் கோப்பைக்குப் போகும் வழியும் அடைபட்டுவிட்டது.

உடனே இரண்டு கட்சி. ஒன்று, "கோச் சரியில்லை, தூக்குங்கள்". இன்னொன்று, "ஆடுகிறவனுக்குத் திறமை இல்லை, கோச் என்ன பண்ணுவார்?"

இதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. ஒன்றரை வருஷத்துக்குள் மூன்று கோச்களை வைத்து அகில இந்திய கால்பந்து சம்மேளனமே ஒரு பரிசோதனையை நடத்திக் காட்டிவிட்டது. (செலவும் அவர்களுடையதே!)

முதல் ஆள் இகோர் ஸ்டிமாச், குரோஷியாக்காரர். 2019-இல் வந்தார். 2023-இல் இவர் கையில்தான் இந்தியா மூன்று கோப்பை வாங்கியது, தரவரிசையில் 99-ஐத் தொட்டது, குவைத்துக்கே போய் குவைத்தை 1-0 என்று ஜெயித்தது. அதே மனிதர், ஏறக்குறைய அதே பையன்கள். 2024 ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையில் மூன்று மேட்ச், மூன்று தோல்வி, வாங்கியது ஆறு கோல், போட்டது பூஜ்யம். மார்ச்சில் குவாஹாத்தியில் ஆப்கானிஸ்தானிடம் தோல்வி. ஜூனில் சீட்டு கிழிந்தது.

அடுத்தவர் மனோலோ மார்க்கேஸ். ஸ்பெயின்காரர், ஐ.எஸ்.எல்.-இல் நல்ல பெயர் எடுத்தவர். எட்டு மேட்ச் ஆடினார். ஜெயித்தது மாலத்தீவை மட்டும். இவருக்கு ஒரு சலுகை தந்தே ஆகவேண்டும். அப்போது எஃப்.சி. கோவா கிளப்பின் கோச்சும் இவரேதான். ஒரு நாட்டு டீமுக்கு அரை நேர கோச்! அது அவர் குற்றமா, அப்படி அமர்த்தியவர்கள் குற்றமா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். ஆனால் 2025 ஜூனில் ஹாங்காங்கோடு நடந்த மேட்சில், முதல் பாதியில் திறந்து கிடந்த கோலுக்குள் அடிக்கவேண்டிய பந்து வெளியே போனது. கடைசி நிமிஷ பெனால்டியில் 0-1. வெளியே போன அந்தப் பந்தைக் கோட்டுக்கு வெளியே நிற்கிற கோச் ஓடிவந்தா உதைக்க முடியும்?

மூன்றாவது காலித் ஜமீல். இந்தியர், சிக்கன ஆட்டக்காரர், கிளப்களில் சாதித்தவர். 2025 ஆகஸ்டில் பொறுப்பேற்ற கையோடு காஃபா கோப்பையில் தஜிகிஸ்தானை அவர்கள் ஊரிலேயே 2-1 என்று ஜெயித்தார். மூன்றாம் இடத்துக்கான மேட்சில் ஓமானை பெனால்டி ஷூட் அவுட்டில் வீழ்த்தினார். கோச் முக்கியம் என்ற கட்சி கொண்டாடியது. இரண்டே மாதத்தில் சிங்கப்பூர், அதற்கடுத்து டாக்கா. தரவரிசை 142.

ஆக கோச் என்பது ஒன்றுமில்லையா? அப்படிச் சொன்னால் அதுவும் பொய். இதற்கு கோவில்பட்டிக்காரர்களுக்கு நெருக்கமான ஹாக்கியே சாட்சி. டோக்கியோ ஒலிம்பிக்கில் 41 வருஷத்துக்குப் பிறகு வெண்கலம் வாங்கித் தந்த கிரஹாம் ரீட், 2023-இல் ஒடிசாவில் நடந்த உலகக் கோப்பையில் ஒன்பதாம் இடம்தான் பிடிக்க முடிந்தது. அவர் விலகினார், கிரெய்க் ஃபுல்டன் வந்தார். அதே டீமின் முக்கால்வாசிப் பேர்தான். அதே வருஷம் ஆசிய விளையாட்டில் தங்கம், 2024-இல் பாரிஸில் மறுபடி வெண்கலம். இங்கே கோச் மாறியது உதவியது என்று தாராளமாகச் சொல்லலாம். ஏனென்றால் பெல்ஜியத்தோடும் ஜெர்மனியோடும் சரிக்குச் சரி நிற்கிற ஆட்கள் ஏற்கெனவே இருந்தார்கள். வித்தியாசம் ஒரு கோல், ஒரு பெனால்டி கார்னர். அந்த இடைவெளியை ஒரு நல்ல கோச் அடைப்பார். பத்து வருஷ இடைவெளியை எப்படி அடைப்பார்?

ஃபுட்பாலில் இருப்பது அந்தப் பத்து வருஷ இடைவெளிதான். சுனில் சேத்ரி 2024 ஜூனில் ஓய்வு பெற்றார். 2025 மார்ச்சில், 40 வயதில், அவரைத் திரும்பக் கூப்பிட்டார்கள். வந்த முதல் மேட்சிலேயே கோல் போட்டார், அது அவருடைய 95-வது. கைதட்ட வேண்டியதுதான். ஆனால் இதைப் பாருங்கள்: 2024-25 ஐ.எஸ்.எல்.-இல் அதிக கோல் போட்ட இந்தியரும் அவரே, 14 கோல். மொத்தத்தில் முதலிடம் 23 கோல் போட்ட மொராக்கோக்காரர் அஜராயிக்கு. கிளப்காரன் பணம் கொடுத்து ஜெயிக்கப் பார்க்கிறான். முன்வரிசைக்கு வெளிநாட்டு ஆளை வாங்குகிறான். அவனைத் தப்பு சொல்ல முடியாது. இந்தியப் பையன் விங்கிலோ பின்வரிசையிலோ ஒதுங்குகிறான். அப்புறம் தேசிய டீமுக்கு வந்து "கோல் போடு" என்றால் எங்கிருந்து போடுவான்? போதாக்குறைக்கு, டாக்கா மேட்ச் நடந்தபோது அந்த வருஷத்து ஐ.எஸ்.எல். தொடங்கவே இல்லை. ஒப்பந்தத் தகராறில் லீக்கே நின்றுகொண்டிருந்தது.

கரிசல்காட்டு மானாவாரி சம்சாரிக்கு இந்தக் கணக்கு சட்டென்று புரியும். புரட்டாசியில் விதைக்காமல் விட்டுவிட்டு, மாசியில் களத்துமேட்டில் நின்று, கதிரறுக்க வந்த ஆளைத் திட்ட முடியாது.

ஹாக்கியில் கோவில்பட்டி பெரிய நகரமில்லை. தீப்பெட்டியும் கடலை மிட்டாயும் செய்கிற ஊர். மழை பெய்தால் காலை விடாத மண், வெயிலில் விரல் நுழையும் வெடிப்பு. அங்கே தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் மட்டையோடு அலைகிறார்கள். ஸ்கூல் பி.டி. வாத்தியார், பழைய ஆட்டக்காரர், உள்ளூர் கிளப், லட்சுமி அம்மாள் கோப்பை என்று அகில இந்திய டீம்களும் வந்து ஆடும் போட்டி. அப்புறம் அரசு விளையாட்டு விடுதி, செயற்கைப் புல் மைதானம். 2022-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பைக்குப் போன இந்திய டீமில் இரண்டு பேர் இந்த மைதானத்தில் வளர்ந்தவர்கள். கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேல் ஒருவர், அரியலூரிலிருந்து வந்து இங்கே விடுதியில் பயின்ற கார்த்தி செல்வம் இன்னொருவர். கார்த்தி பாகிஸ்தானுக்கு எதிராக ஆடிய முதல் மேட்சிலேயே கோல் போட்டார். இவர்களுக்குப் பத்து வயதில் மட்டை பிடிக்கச் சொல்லித் தந்தவரும் கோச்தானே? அவரைத் தூக்கு என்று யாரும் கோஷம் போடுவதில்லை. அவர் பெயர் பேப்பரிலும் வருவதில்லை.

ஆகவே "கோச்சா, ஆட்டக்காரனா" என்ற கேள்வியே கொஞ்சம் கோணல். ஆட்டக்காரனின் தரம் என்று நாம் சொல்வது, பத்து வருஷத்துக்கு முன்னால் அவனுக்கு ஒரு கோச் இருந்தாரா இல்லையா என்பதுதான். உஸ்பெகிஸ்தான் 2023-இல் 20 வயதுக்குட்பட்டோர் ஆசியக் கோப்பையையும், 2025-இல் 17 வயதுக்குட்பட்டோர் ஆசியக் கோப்பையையும் வென்றது. தகுதிச் சுற்று நடுவில், 2025 ஜனவரியில், பெரிய டீமின் கோச் கடானெச் உடல்நிலையால் விலகினார். உள்ளூர்க்காரர் கபாட்ஸே வந்தார். அந்த ஜூனிலேயே 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றுவிட்டார்கள். பாதி வழியில் மாலுமி மாறியும் கப்பல் திசை மாறவில்லை.

இந்தியாவிலும் ஃபுட்பாலுக்கு ஒரு கோவில்பட்டி இல்லாமல் இல்லை. ஐஸால் இருக்கிறது, மணிப்பூர் இருக்கிறது, மலப்புரம் இருக்கிறது. அங்கிருந்து பையன்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களில் சென்டர் ஃபார்வர்டாகவே வளர்ந்து, அதே இடத்தில் ஒரு முழு சீசன் ஆட, எத்தனை பேருக்கு எந்த கிளப் இடம் கொடுக்கிறது? அடுத்த தகுதிச் சுற்று தொடங்கும்போது கோட்டுக்கு வெளியே யார் நிற்கிறார் என்று பார்ப்பவர்கள், முன்வரிசையில் யார் நிற்கிறான் என்றும் ஒரு தடவை பாருங்கள்.