அலைவாய்க்கு ஒரு படகு வேண்டும்

2023 டிசம்பர் 31. புத்தாண்டுக் கூட்டம் ஊருக்குள் நிரம்பிக்கொண்டிருந்த நேரத்தில், புதுச்சேரிக் கடலில் இறங்கிய நான்கு மாணவர்களை அலை இழுத்துக்கொண்டது. நால்வரும் உள்ளூர்ப் பிள்ளைகள். வார இறுதியைக் கழிக்க வந்து சடலமாகத் திரும்பிய வெளியூர் இளைஞர்களின் கணக்கு தனி. ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் நடப்பது ஒன்றுதான். புதிதாக ஒரு எச்சரிக்கைப் பலகை வரும். சில நாள் தடுப்புக் கட்டை நிற்கும். ஒலிபெருக்கியில் போலீசார் அறிவிப்பார்கள். பெற்றோருக்கு நான்கு புத்திமதி கிடைக்கும். பிறகு அடுத்த சனிக்கிழமை வந்துவிடும்.

இந்த ஊர் விருந்தாளிகளை அழைப்பதே கடற்கரையைக் காட்டித்தான். சின்ன வீராம்பட்டினத்தின் ஈடன் கடற்கரைக்கு 2021இல் நீலக் கொடிச் சான்றிதழ் கிடைத்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அந்தச் சான்றிதழுக்கு உயிர்காப்பு ஏற்பாடும் ஒரு நிபந்தனை. ஆனால் அது ஒரு துண்டுக் கரைக்குத்தான் பொருந்தும். புதுச்சேரிப் பகுதியின் கரையோ 24 கிலோமீட்டர் நீளம். குளிக்கத் தடை என்று எழுதிவைத்துவிட்டால் அந்த நீளத்துக்கும் அரசின் பொறுப்பு தீர்ந்துவிடும் என்ற நினைப்பை இனியாவது கைவிட வேண்டும். அரசு செய்ய வேண்டியது கரையோர மீட்புப் படகுச் சேவை ஒன்றைத் தொடங்குவது. அதை மீனவக் கிராமங்களின் இளைஞர்களிடம் மாதச் சம்பளத்தோடு ஒப்படைப்பது.

கடலோரக் காவல் படை இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். புதுச்சேரியில் அதன் மாவட்டத் தலைமையகமே இருக்கிறது. 1554 என்ற எண்ணை அழைத்தால் உதவி புறப்படும். ஆனால் இந்தியக் கடலோரக் காவல் படை தேடி மீட்கக் கடமைப்பட்ட கடற்பரப்பு 46 லட்சம் சதுர கிலோமீட்டர். நடுக்கடலில் எஞ்சின் பழுதாகி நிற்கும் விசைப்படகையும், புயலில் சிக்கிய கப்பலையும் தேடிப்போகிற படை அது. காந்தி சிலைக்கு எதிரே, கரையிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் தத்தளிப்பவனுக்கு அது எந்த வேகத்தில் வந்தாலும் தாமதம்தான். மூச்சு நின்றபின் நான்கைந்து நிமிடத்தில் மூளை கெடத் தொடங்கிவிடும்.

கடலோரப் போலீசின் படகுகளும் அப்படித்தான். 2008 மும்பைத் தாக்குதலை ஒட்டி விரைவுபடுத்தப்பட்ட கடலோரப் பாதுகாப்புத் திட்டத்தில், நாடெங்கும் கடலோர மாநிலங்களுக்கு 12 டன், 5 டன் இடைமறிப்புப் படகுகள் கோவா, கொல்கத்தா கப்பல் தளங்களில் கட்டித் தரப்பட்டன. அவை ஊடுருவுபவனைத் துரத்திப் பிடிப்பதற்கான படகுகள். நிற்க ஒரு துறைமுகமும், மிதக்கப் போதிய ஆழமும் வேண்டும். நம் ஊரில் அந்த இடம் தேங்காய்த்திட்டு. அடிக்கடி மணல் மேடிட்டுக்கொள்ளும் முகத்துவாரத்தைத் தாண்டி, கல்தடுப்பைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். வந்து சேர்ந்தாலும் அலை உடையும் வரிசைக்கு வெளியேதான் நிற்க முடியும். உள்ளே நுழைந்தால் தரை தட்டிப் படகே கவிழும். மாள்கிறவர்களில் பெரும்பாலோர் மாள்வது அந்த வரிசைக்கும் கரைக்கும் நடுவே உள்ள அலைவாயில்தான். ஒக்கிப் புயலுக்குப் பிறகு கேரள அரசு கொச்சிக் கப்பல் தளத்தில் கட்டி 2020இல் இறக்கிய பிரதீக்ஷா, பிரத்யாஷா, காருண்யா என்ற மூன்று கடல் ஆம்புலன்சுகள் நல்ல முயற்சி. ஆழ்கடல் தொழிலுக்குப் போகிறவர்களுக்கு அவை வேண்டும். ஆனால் ஏறக்குறைய 23 மீட்டர் நீளமுள்ள படகு அலைவாய்க்குள் வராது.

அப்படியானால் இங்கே இப்போது மீட்பது யார்? குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், வம்பாகீரப்பாளையம், வீராம்பட்டினம் மீனவர்கள்தான். கூச்சல் கேட்டால் வலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து ஃபைபர் படகைத் தள்ளுகிறார்கள். இல்லாவிட்டால் அப்படியே குதிக்கிறார்கள். உயிர் போன பிறகு உடலைத் தேடவும் அவர்களையே கூப்பிடுகிறோம். டீசல் அவர்களுடையது, ஆபத்தும் அவர்களுடையது. செய்தியில் ‘மீனவர்கள் உதவியுடன்’ என்று ஒரு சொல் வந்தால் அதுதான் கூலி. 2015 சென்னை வெள்ளத்திலும் 2018 கேரள வெள்ளத்திலும் படகைக் கொண்டுவந்து ஊரைக் காத்ததும் இவர்களைப் போன்றவர்களே. நல்லவாடு நினைவிருக்கும். 2004 டிசம்பர் 26 அன்று சிங்கப்பூரிலிருந்து ஒருவர் தொலைபேசியில் சொன்ன எச்சரிக்கையை, எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் கிராம அறிவு மையத்து ஒலிபெருக்கியில் அறிவித்து, ஆழிப்பேரலை வருவதற்குள் அந்த ஊர் மக்கள் தங்களைத் தாங்களே காத்துக்கொண்டார்கள். கருவியும் அதிகாரமும் கையில் கொடுத்தால் இந்தக் கரை மக்கள் என்ன செய்வார்கள் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

எந்தப் படகு என்பதுதான் அடுத்த கேள்வி. டெண்டர் விடும் அதிகாரிகள் தவறிழைக்கக்கூடிய இடமும் அதுவே என்பதால் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சோழமண்டலக் கரைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. பதினெட்டாம் நூற்றாண்டில், ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுதிய காலத்தில், கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். ஆளையும் சரக்கையும் கரைக்குக் கொண்டுவந்தது சலங்கு. மாம்பலகைகளைக் கயிற்றால் தைத்து, இடையில் வைக்கோல் திணித்து, ஆணியும் உள்சட்டமும் இல்லாமல் கட்டிய படகு அது. ஐரோப்பியரின் ஆணியடித்த படகு இந்த அலையில் தரை மோதிப் பிளந்தபோது, சலங்கு வளைந்து கொடுத்துத் தப்பியது. சென்னைக் கரையில் சலங்குகளுக்குத் துணையாகக் கட்டுமரங்கள் போகும். கவிழ்ந்தால் பயணிகளை அள்ளிக்கொள்வது கட்டுமரக்காரர்களின் வேலை. உயிர் காத்தவர்களுக்குப் பதக்கமும் கொடுத்திருக்கிறார்கள். சேவையை ஒழுங்குபடுத்தி அதற்குப் பரிசும் கொடுக்கும் வழக்கம் நமக்குப் புதிதல்ல. விட்டுப்போன ஒன்று. கப்பலிலிருந்து கரைசேர்க்கும் வேலைக்காகப் புதுச்சேரியில் 1866இல் இரும்புப் பாலம் கட்டப்பட்டது. 1952 புயல் அதைக் கொண்டுபோயிற்று. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் அதன் தூண்களை இன்றும் பார்க்கிறோம்.

கட்டுமரம் மூழ்காது. அலை அடித்தால் நீர் கட்டைகளுக்கு இடையே வழிந்து போய்விடும். கவிழ்ந்தாலும் ஏறிக்கொள்ளலாம். சலங்கோ மோதலை வளைந்து வாங்கிக்கொள்ளும். இந்த இரண்டு குணங்களையும் சேர்த்துத்தான், ஐரோப்பியர் காற்றடைத்த ரப்பர் படகில் பின்னாளில் கொண்டுவந்தார்கள். இதில் முன்னோடி நம்மை ஆண்ட பிரான்சே. 1952இல் அலென் பொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் ஒரு காற்றடைத்த படகில் அட்லாண்டிக்கைக் கடந்து அதன் உறுதியைக் காட்டினார். பிரெட்டனிக் கரையில் பிரெஞ்சு மீட்புக்காரர்கள் இத்தகைய படகுகளைப் பயன்படுத்துவதை 1962இல் நேரில் பார்த்துவிட்டுப் போன பிரிட்டனின் உயிர்காப்புப் படகுச் சங்கமான ஆர்.என்.எல்.ஐ., மறு ஆண்டே தன் கரைகளில் சிறு படகுகளை நிறுத்தியது. 1824இல் தொடங்கிய அந்தச் சங்கம் அதுவரை புயலில் போகும் கனத்த படகுகளையே நம்பியிருந்தது. கடற்கரைக்கு விளையாட வருகிற கூட்டம் பெருகியதும், பெரிய படகு புறப்படுவதற்குள் ஆள் மூழ்கிவிடுகிறான் என்பது புரிந்தது. புதுச்சேரி இன்று நிற்பது அதே கட்டத்தில்தான்.

அவர்களின் டி வகுப்புப் படகு ஐந்து மீட்டர் நீளம். 50 குதிரைத்திறன் எஞ்சின் ஒன்று, இரண்டு மூன்று பேர் கொண்ட குழு, மணிக்கு 25 கடல்மைல் வேகம். கவிழ்ந்தால் குழுவே புரட்டி நிமிர்த்தி, நீரில் முங்கிய எஞ்சினை மறுபடி ஓட்டும்படி வடிவமைத்திருக்கிறார்கள். அடுத்த வளர்ச்சி, கெட்டியான அடிப்பாகமும் சுற்றிலும் காற்றுக் குழாயும் கொண்ட படகு. வேல்சில் அட்லாண்டிக் கல்லூரியின் முதல்வர் டெஸ்மண்ட் ஹோரும் அவருடைய மாணவர்களும் 1960களில் செய்து பார்த்துச் செம்மைப்படுத்தியது அது. 1972 முதல் மீட்புப் பணியில் இருக்கிறது. பின்னால் ஒரு சட்டத்தில் காற்றுப் பை கட்டியிருக்கும். கவிழ்ந்ததும் அந்தப் பை உப்பிப் படகை நிமிர்த்திவிடும்.

இதை அப்படியே இறக்குமதி செய்ய வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. நம் கரையின் கதை வேறு. 1980களில் துறைமுகக் கல்தடுப்புகள் எழுந்தபின் வடக்கே மணல் போய், நகரின் கடற்கரைச் சாலை முழுக்கப் பாறாங்கல் கொட்டப்பட்டது. 2018-19இல் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் தலைமைச் செயலகத்தை ஒட்டிய கடலில் ஆப்பு வடிவ நீரடித் தடுப்பை இறக்கியதும் மணல் திரும்பியது. மணல் திரும்பியதும் மக்கள் கடலில் இறங்கினார்கள். அந்தத் திட்டத்தைக் குறை சொல்ல நமக்கு மனமில்லை. கரையை மீட்டவர்கள் பாராட்டுக்குரியவர்கள். ஆனால் கரையில் கல்லும் தடுப்பும் உள்ள இடங்களில் அவற்றின் ஓரமாகக் கடல்நோக்கி இழுப்பு ஓடும் என்பது கடலியல் படித்தவர் யாருக்கும் தெரியும். கரையை மீட்கும்போதே அதில் குளிப்பவர்களைக் காப்பதற்கும் ஒரு வரி எழுதியிருக்க வேண்டும்.

ஆகவே கல் குவிந்த இடத்திலிருந்து படகைத் தள்ள முடியாது. செயலகத்தருகே உள்ள மணலிலும் வம்பாகீரப்பாளைய மணலிலும் படகு தயாராக நிற்க வேண்டும். சின்ன வீராம்பட்டினத்துக்கு மூன்றாவது. நான்கு பேர் சேர்ந்து தள்ளுகிற எடையாக இருக்க வேண்டும், இல்லையேல் டிராக்டர் வேண்டும். எஞ்சின் விசிறிக்குக் கூண்டு கட்டாயம். நீரில் கிடப்பவனை விசிறி வெட்டிவிட்டால் மீட்பு எதற்கு? விசிறியைத் தூக்கிக்கொண்டு மணலேறும் உத்தியும் இங்கே பழகியதுதான். சென்னையிலிருந்து இயங்கிய வங்காள விரிகுடாத் திட்டம் கரையிறங்கு மீன்பிடிப் படகுகளில் அதைச் செய்து காட்டியிருக்கிறது. ஆளை நிமிர்த்தி ஏற்றாமல் உருட்டி ஏற்றத் தோதாகப் பக்கச்சுவர் தாழ்ந்திருக்க வேண்டும். உப்பும் வெயிலும் ரப்பரைச் சீக்கிரம் தின்னும் என்பதால் கொட்டகையும் மாதாந்தரப் பராமரிப்பும் ஒப்பந்தத்திலேயே சேர வேண்டும். அரசு வாங்கிய படகு இரண்டாம் ஆண்டில் தார்ப்பாயின் கீழ் காற்றிறங்கிக் கிடப்பதைப் பார்க்க நமக்கு விருப்பமில்லை. படகை ஓட்டப்போகிறவர்கள் அலையில் வைத்து ஓட்டிப்பார்த்துச் சரியென்று சொன்ன பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

நீந்திப்போய்ப் பிடிக்கும் உயிர்காப்பாளர்கள் போதாதா? அவர்களும் வேண்டும். ஆனால் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நால்வர் மூழ்கும்போது நீந்திப்போனவர் ஐந்தாமவர் ஆகிவிடுவார். கோவா 2008 முதல் ஒரு தனியார் நிறுவனத்திடம் கரைக் காவலை ஒப்படைத்து, ஆட்களோடு ஜெட் ஸ்கியையும் நிறுத்தியிருக்கிறது. நம் வங்கக் கடலிலேயே வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரில் 2012 முதல் உள்ளூர் இளைஞர்கள் ஆர்.என்.எல்.ஐ. ஆதரவோடு பயிற்சி பெற்றுக் காவல் நின்றிருக்கிறார்கள். அவர்களிடமும் போய்க் கற்கலாம்.

ஒன்றில் மட்டும் பிரிட்டனின் வழி நமக்கு ஒத்துவராது. அங்கே படகுக் குழுவினர் பெரும்பாலும் தொண்டர்கள். அழைப்பு வந்தால் சம்பளம் தரும் வேலையிலிருந்து எழுந்து ஓடுகிறார்கள். இங்கே வலையை விட்டு எழுந்தவனுக்கு அன்றைய பாடு போயிற்று. எனவே ஊர்ப் பஞ்சாயத்தார் தேர்ந்து தரும் இளைஞர்களுக்கு முறைவைத்துப் பணி, மாதச் சம்பளம், காப்பீடு, எரிபொருள், சிபிஆர் பயிற்சி எல்லாம் அரசின் செலவில் இருக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுத் தொழிலாளர்கள் கரையில் இருக்கிறார்கள். பள்ளி விடுமுறைக் கூட்டம் கடலில் குவிவதும் அதே நாட்களில்தான். கூடுதல் ஆட்களை அப்போது எடுத்துக்கொள்ளலாம்.

குடித்துவிட்டுக் கடலில் இறங்குகிறவனுக்கு மக்கள் வரிப்பணமா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. மது விற்பனையில் வரும் கலால் வருவாயை வாங்கி வைத்துக்கொள்கிற அரசு அந்தக் கேள்வியைக் கேட்க முடியாது. மீட்புச் சேவைக்கான பணத்தை அந்த வருவாயிலிருந்தே ஒதுக்குவதுதான் நியாயம். மேலும் இந்தப் படகுக்குக் கடலில் மட்டுமல்ல வேலை. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கும் மேல் மழையைக் கொட்டியபோது, கிருஷ்ணா நகரில் சிக்கியவர்களை மீட்க ராணுவம் சென்னையிலிருந்து வர வேண்டியிருந்தது. கரையிலேயே ரப்பர் படகும் பழகிய ஆளும் இருந்தால் விடிவதற்குள் வேலை தொடங்கியிருக்கும்.

தடை இருப்பது பணத்தில் அல்ல. சுற்றுலாத் துறை, மீன்வளத் துறை, துறைமுகத் துறை, காவல் துறை, நகராட்சி என்று ஐந்து பேருக்குச் சொந்தமான கரை இது. சாவு நேர்ந்தால் ஒருவருக்கும் சொந்தமில்லை. முதலமைச்சர் ஒரே துறையைப் பொறுப்பாக்கி, வரும் நிதிநிலை அறிக்கையில் தனித் தலைப்பில் தொகை ஒதுக்க வேண்டும். அடுத்த ஏப்ரல் 15க்குள் செயலகத்தருகே ஒன்று, வம்பாகீரப்பாளையத்தில் ஒன்று என இரண்டு படகுகளாவது குழுவோடு மணலில் நிற்க வேண்டும். எந்தத் துறை இதற்குப் பதில் சொல்லும் என்பதை இந்த மாதமே அறிவிக்கட்டும்.