சோதனைப் பதிப்பை எப்போது வெளியிடலாம்?

குவீன்ஸ்டவுன் வட்டாரத்தின் கெண்ட் ரிட்ஜ் பகுதியில் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகம் உள்ளது. அங்குப் படிக்கும் மாணவர்கள் தங்கள் பாட அட்டவணையைத் திட்டமிட ‘என்யூஎஸ்மோட்ஸ்’ என்னும் இணையத்தளத்தைப் பயன்படுத்துகிறார்கள். 2012இல் மாணவர் ஒருவர் தொடங்கிய திறந்த மூல மென்பொருள் இது. இதன் நிரலை எவரும் பார்க்கலாம்; திருத்தங்களையும் அனுப்பலாம்.

இத்தகைய மென்பொருளின் சோதனைப் பதிப்பை எப்போது வெளியிடலாம்? குறை ஒன்றுகூட இல்லாத நாளுக்காகக் காத்திருந்தால் அந்த நாள் வரவே வராது. நிரலை எழுதியவரின் கண்ணுக்குத் தப்பும் பிழை, பலர் பயன்படுத்தும்போதுதான் வெளிப்படும். அதற்காக அவசரப்படுவதும் தவறு. பொத்தானின் நிறம் மாறியிருந்தால் யாருக்கும் இழப்பில்லை. தேர்வுத் தேதி தவறாக இருந்தாலோ, ஒரு மாணவர் தேர்வையே தவறவிடக்கூடும்.

எனவே, மூன்று கேள்விகளுக்கு ‘ஆம்’ என்ற பதில் கிடைக்க வேண்டும். முக்கியப் பணி சரியாக நடக்கிறதா? பயனரின் தகவல்கள் அழியாமல் இருக்குமா? பிழையைத் தெரிவித்தால் திருத்துவதற்கு ஆள் உண்டா? இவை உறுதியானதும், தெரிந்த குறைகளை மறைக்காமல் சொல்லிவிட்டுப் பதிப்பை வெளியிடலாம். இலவசமாகக் கொடுப்பதால் பொறுப்புக் குறைந்துவிடாது.