தேய்மானம் என்று சொல்லாதீர்கள்

"முதுகுல போட்ட ஊசியால வந்த வலின்னுதான் மேடம் எல்லாரும் சொன்னாங்க" என்றார் அந்தப் பெண். வயது 27. சிசேரியன் ஆகி நான்கு மாதம். குழந்தை பிறந்த ஆறாவது வாரம் தூளியிலிருந்து குனிந்து தூக்கியபோது முதுகில் சுருக்கென்று பிடித்தது, அப்புறம் விடவேயில்லை. தைலம் தேய்த்தார்கள், ஒத்தடம் கொடுத்தார்கள். கடைசியில் எடுத்த எக்ஸ்ரேயில் இரண்டு முள்ளெலும்புகள் நசுங்கியிருந்தன. அதன் பிறகுதான் டெக்ஸா ஸ்கேன். அறிக்கையின் சிவப்புப் பட்டையில் விழுந்திருந்த புள்ளியை விரலால் தொட்டுக் காட்டிக் கேட்டார்: "இந்த வயசுலயே எலும்பு தேஞ்சு போச்சாம். இனிமே பிள்ளையத் தூக்கவே கூடாதா?"

குழந்தை மாமியார் மடியில் இருந்தது. நான்கு நாளாக அந்தப் பெண் அதைத் தூக்கவில்லை. பால் கொடுக்கும் நேரத்திலும் வேறு யாராவது எடுத்து மடியில் வைத்தார்கள்.

இந்த இதழைப் படிக்கும் இயன்முறை மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள். இளம் வயதில் எலும்புப்புரை என்று தெரிந்து வருகிறவரிடம் 'தேய்மானம்' என்ற சொல்லை எடுக்காதீர்கள். முழங்கால் வலி, டிஸ்க் கோளாறு, எலும்புப்புரை எல்லாவற்றுக்கும் நம் ஊரில் இந்த ஒரு சொல்தான் புழங்குகிறது. செருப்பு தேயும், டயர் தேயும். தேய்கிற பொருளை உபயோகிக்காமல் எடுத்து வைப்பதுதான் புத்திசாலித்தனம் என்று நமக்குப் பழக்கம். அதனால் தேய்ந்துவிட்டது என்று கேட்ட மறுநாளே படியேறுவதும் நடப்பதும் நின்றுபோகின்றன. நானும் பல ஆண்டுகள் அதே சொல்லைச் சொல்லி, 'குனியாதே, தூக்காதே, ஓடாதே' என்று ஒரு பட்டியலையும் எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். எத்தனை பேரை அப்படிப் படுக்கையோடு சேர்த்துக் கட்டினேனோ என்ற வருத்தம் எனக்கு உண்டு.

எலும்பு நேர் எதிரானது. பாரம் ஏறினால் கட்டிக்கொள்ளும், ஏறாவிட்டால் கரைத்துவிடும். ஜெர்மானிய அறுவை மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892-லேயே இதை எழுதிவைத்தார். எடையே இல்லாத விண்வெளியில் வீரர்களின் இடுப்பெலும்பு அடர்த்தி மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை குறைகிறது. டென்னிஸ் ஆடுகிறவர்களுக்கு மட்டை பிடிக்கும் கை எலும்பு மறு கையைவிடத் தடித்திருக்கிறது. புரை என்ற சொல்லாவது உள்ளே இடைவெளி விழுந்திருக்கிறது என்று உள்ளதைச் சொல்கிறது. இடைவெளியை ஓரளவு நிரப்ப முடியும் என்று அடுத்த வாக்கியத்தில் சொல்லவும் அது இடம் கொடுக்கிறது.

அந்தப் பெண்ணுக்கு அதைத்தான் முதலில் சொன்னேன். தாய்ப்பாலில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 மில்லிகிராம் கால்சியம் போகிறது, அதில் ஒரு பங்கை அம்மாவின் எலும்பு கடனாகக் கொடுக்கிறது. பால் மறந்த பிறகு பெரும்பாலானவர்களுக்கு அந்தக் கடன் அடைந்துவிடும். ஏற்கெனவே இருப்பு குறைவாக உள்ள வெகு சிலருக்குத்தான் எலும்பு முறிகிற அளவுக்குப் போகிறது. அவர்களுக்கும் பாலை நிறுத்திய பின் அடர்த்தி கூடுவதைப் பார்க்கிறோம். பாலை எப்போது நிறுத்துவது, மருந்து வேண்டுமா என்பதெல்லாம் அவரும் மருத்துவரும் பேசி முடிவெடுக்க வேண்டியவை. பிஸ்பாஸ்போனேட் மருந்துகள் எலும்பில் பல ஆண்டுகள் தங்கும் என்பதால், அடுத்த குழந்தை பற்றிய எண்ணத்தை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லச் சொன்னேன்.

அறிக்கையிலும் ஒரு சிக்கல். பல இடங்களில் டி-ஸ்கோரை மட்டும் பார்த்து 'ஆஸ்டியோபோரோசிஸ்' என்று அச்சடித்துவிடுகிறார்கள். மாதவிடாய் நிற்காத பெண்களுக்கும் 50 வயதுக்குக் கீழ்ப்பட்ட ஆண்களுக்கும் பார்க்க வேண்டியது இசட்-ஸ்கோர். அது -2.0 அல்லது அதற்குக் கீழே இருந்தாலும் 'வயதுக்கு எதிர்பார்க்கும் அளவைவிடக் குறைவு' என்றுதான் எழுத வேண்டும், அந்த எண்ணை மட்டும் வைத்து நோய் என்று முத்திரை குத்தக் கூடாது. டெக்ஸா பரப்பளவைக் கொண்டு கணக்கிடுவது, எனவே சின்ன உடம்புக்காரர்களின் எலும்பை உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும். நம்மிடம் வரும் ஒல்லியான, குள்ளமான பெண்கள் எத்தனை பேர் என்று நினைத்துப் பாருங்கள்.

காரணத்தைக் கேட்பதும் நம் வேலைதான். வாரம் மூன்று முறை அரை மணி நேரம் பக்கத்தில் உட்காருகிற நம்மிடம், மருத்துவரிடம் சொல்லாததைச் சொல்வார்கள். மாதவிடாய் மாதக்கணக்கில் நின்றிருந்ததா, வலிப்புக்கு மாத்திரை உண்டா, ஆஸ்துமாவுக்கோ தோலுக்கோ ஸ்டீராய்டு சாப்பிட்டாரா, மூட்டுவலிக்குப் பெயர் தெரியாத பொடி ஏதாவது வாங்கினாரா (அப்படிப்பட்ட பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தது உண்டு) என்று கேளுங்கள். தரையிலிருந்து எழத் தொடையில் கை ஊன்றுகிறார், வாத்து மாதிரி அசைந்து நடக்கிறார் என்றால் எலும்புப்புரை என்றே நினைத்துக்கொண்டிருக்காதீர்கள். அது வைட்டமின் டி குறைவால் வரும் எலும்பு மென்மையாக இருக்கலாம், வைத்தியமே வேறு. கால்சியம், பாஸ்பேட், அல்கலைன் பாஸ்பட்டேஸ், வைட்டமின் டி, பி.டி.எச். பார்க்கச் சொல்லித் திருப்பி அனுப்புங்கள்.

எச்சரிக்கை வேண்டாம் என்று சொல்லவில்லை. முள்ளெலும்பு நசுங்கியவருக்கு முதுகை வளைத்துக் குனிவது நிஜமான ஆபத்து. மேயோ கிளினிக்கிலிருந்து 1984-ல் வெளியான ஆய்வில், முதுகை முன்னால் மடக்கும் பயிற்சி செய்தவர்களில் 89 சதவீதத்தினருக்கு மீண்டும் எலும்பு நசுங்கியது, நிமிர்த்தும் பயிற்சி செய்தவர்களில் 16 சதவீதத்தினருக்குத்தான். சிறிய ஆய்வு, அதுவும் மாதவிடாய் நின்ற பெண்களிடம் நடந்தது. ஆனாலும் எனக்கு அது போதும். முழங்காலை மடக்காமல் இடுப்பிலிருந்து குனிந்து கோலம் போடுவதும், பஸ்ஸின் கடைசி இருக்கையில் வேகத்தடை மேல் குலுங்குவதும் வேண்டாம். தலைகீழாகக் குனிந்து வீடு பெருக்காமல் நீளக் கைப்பிடி துடைப்பம் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு 'வேண்டாம்' கூடவும் 'இப்படிச் செய்' என்று ஒன்றைச் செய்து காட்டாமல் அவரை எழுப்பி அனுப்பாதீர்கள்.

நாங்கள் தூளியை ஒரு முழம் உயர்த்திக் கட்டச் சொன்னோம். வலி அடங்கும் வரை நிமிர்ந்து படுப்பது, குப்புறப் படுத்து மார்பை மெல்ல உயர்த்துவது, சுவரோடு முதுகை ஒட்டி நிற்பது. பிறகு முதுகு நேராக இருக்க இடுப்பிலும் முழங்காலிலும் மடங்கி இறங்கும் பழக்கம். முதலில் வெறுங்கையோடு, அடுத்து 2 கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்து, பிறகு 4 கிலோ, கடைசியில் குழந்தையின் எடைக்குச் சமமாக 7 கிலோ. எட்டாவது வாரம் மாமியார் குழந்தையைத் தூளியில் படுக்க வைத்தார். அந்தப் பெண் பக்கத்தில் போய் நின்று, கால்களை அகட்டி, முழங்காலை மடக்கிக் குழந்தையை மார்போடு சேர்த்து எடுத்தார். மாமியாரின் இரண்டு கைகளும் குழந்தைக்கு அடியில் கொஞ்ச நேரம் ஏந்தியபடி இருந்தன, பிறகு மெல்ல இறங்கின.