உதிரிகளின் அட்டை

அமெரிக்க பேஸ்பால் அட்டைகளைச் சேர்ப்பவர்களில் இரண்டு ஜாதி உண்டு. விலை தெரிந்தவர்கள், ரசனை தெரிந்தவர்கள். இருவரோடும் எனக்கு ஒத்துவராது.

முதல் ஜாதியைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. டாப்ஸ் கம்பெனியின் 1952ஆம் வருஷத்து வரிசையில் 311ஆம் எண், மிக்கி மேன்ட்டில், 2022இல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்குப் போயிற்று. பிளாஸ்டிக் கூட்டில் சீல் வைத்து, பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டு விற்கும் சரக்கு. அதைப் பார்ப்பவர் யாரும் இல்லை.

என் சண்டை இரண்டாம் ஜாதியோடு. பழைய பாணியில் இன்று அச்சாகும் அட்டைகளைக் கண்டால் இவர்களுக்கு முகம் சுளிக்கிறது. 2001இல் டாப்ஸ் தன் 1952 வடிவத்தையே எடுத்து, 'ஹெரிடேஜ்' என்று பெயரிட்டு, அன்று ஆடிக்கொண்டிருந்தவர்களை அதில் நிறுத்தியது. 2006இல் இன்னும் பின்னால் போய், 1880களில் சிகரெட் பெட்டிக்குள் வந்த ஆலன் அண்டு ஜின்டர் அட்டையின் சட்டகத்தை எடுத்துக்கொண்டது. போலி, ஏக்க வியாபாரம் என்கிறார்கள். வியாபாரம்தான், யார் இல்லை என்றது? 1952ஆம் வருஷத்து அசல் மட்டும் என்ன, சூயிங்கம் விற்க வந்ததுதானே? விற்காமல் தேங்கிய அந்த அசல்களை 1960 வாக்கில் கம்பெனியே அட்லாண்டிக் கடலில் கொட்டியது. அவற்றின் புனிதம் வயசு கொடுத்தது.

அந்த வரிசையில் 407 அட்டைகள். மேன்ட்டிலுக்கு என்ன அளவோ அதே அளவுதான் பெஞ்சில் உட்கார்ந்தே பொழுது போக்கிய மாற்றுக் காட்சருக்கும். அதே பெயர்ப்பட்டை, பின்பக்கம் அதே கட்டத்தில் அதே எழுத்தில் கணக்கு. உருவம் ஆளைப் பார்த்து வளைந்து கொடுக்கவில்லை. இந்தக் கண்டிப்பைத்தான் நான் கலை சம்பந்தப்பட்ட விஷயம் என்கிறேன். பழைய சட்டகத்தைத் திருப்பி எடுத்தபோது, கம்பெனி உத்தேசித்ததோ இல்லையோ, இதுவும் கூடவே வந்துவிட்டது. வியாபாரிக்கு அது பொறுக்குமா? ஹெரிடேஜிலும் சில எண்களைக் குறைவாக அச்சடித்துச் செயற்கைப் பஞ்சம் உண்டாக்கினார்கள். கையெழுத்து, சட்டைத் துணியின் துண்டு எல்லாம் செருகினார்கள். பெட்டி பெட்டியாக உடைப்பவர்கள் அவற்றைப் பொறுக்கிக்கொண்டு மிச்சத்தைத் தள்ளிவிடுகிறார்கள். மிச்சத்துக்குப் பெயர் 'காமன்'. நான் சேர்ப்பது அவற்றைத்தான்.

இதைச் சொன்னதும் ரசனைக்காரர் கட்சி மாறுகிறார். ஓ, தோற்றவர்கள்மேல் பரிவா! இது இன்னும் மோசம். மேஜர் லீக்கில் இதுவரை ஆடியவர்கள் மொத்தமே சுமார் 23,000 பேர். அதற்குள் வந்தவனுக்கு உம்முடைய பரிவு எதற்கு? பாப் யூக்கர் 1962 முதல் 1967 வரை ஆடினார். பத்துக்கு இரண்டு என்ற கணக்கில்தான் அடித்தார். பின்னால் ஒலிபரப்பாளராகி அதையே வேடிக்கையாக்கினார். அது அவர் உரிமை. அட்டையின் பின்பக்கம் எண்ணை மட்டும் சொல்கிறது, உச்சுக் கொட்டுவதில்லை.

போலி என்ற பேச்சுக்கு வருவோம். 1884இல் டொலீடோ அணியில் மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் என்ற கறுப்பர் மேஜர் லீக் ஆடினார். 1887 ஜூலையில் இன்டர்நேஷனல் லீக், இனிக் கறுப்பர்களோடு புது ஒப்பந்தம் இல்லை என்று தீர்மானித்தது. மேஜர் லீக்கின் கதவு 1947இல் ஜாக்கி ராபின்சன் வரும்வரை திறக்கவில்லை. ஆலன் அண்டு ஜின்டரின் அழகான சட்டகம் அந்த 1887இன் சரக்கு. முதல் வரிசையின் 50 பேரில் பேஸ்பால்காரர்கள் 10 பேர், அத்தனை பேரும் வெள்ளையர். அவர்களில் ஒருவர் கேப் ஆன்சன் - எதிரணியில் கறுப்பர் இருந்தால் ஆடமாட்டேன் என்றவர். இன்று அதே சட்டகத்துக்குள் டொமினிகன் நாட்டுக்காரர் நிற்கிறார். இது எந்தக் காலத்துக்கான ஏக்கம் ஐயா? உங்கள் அசல் அவரை வாசலிலேயே நிறுத்தியிருக்கும்.

சேர்ப்பவன் என்று நான் மதிப்பது ஜெஃபர்சன் பர்டிக்கை. சிரக்யூஸ் நகரத்துத் தொழிலாளி, கீல்வாதக்காரர். மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட அட்டைகளையும் அச்சுத் துணுக்குகளையும் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துக்குக் கொடுத்து, தாமே உட்கார்ந்து ஆல்பங்களில் ஒட்டினார். 1963 ஜனவரியில் முடித்தார், மார்ச்சில் இறந்தார். அவர் பிரித்தது வெளியீட்டு வரிசைப்படி. ஆட்டக்காரனின் புகழ் அதில் கணக்கில்லை. 1909-11 புகையிலை அட்டைகளுக்கு வியாபாரிகள் இன்றும் சொல்லும் டி206 என்ற எண் அவர் போட்டது. வியாபாரிக்கு அதில் ஹோனஸ் வாக்னர் ஒருவர்தான். உள்ளே ஐந்நூற்றுச் சொச்சம் அட்டைகள் இருக்கின்றன. தெற்கத்திச் சிறு லீக்குகளில் ஆடியவர்கள் மட்டும் 48 பேர்.