ஐந்து கம்பி பேஸ்: ஓர் அங்குலத்துக்கு ஏன் இவ்வளவு சண்டை?

எங்கட சின்ன இசைக்குழுவுக்கு ஒரு பேஸ் கிற்றார் வாங்க ஆறு பேர் காசு சேர்த்தம். சேர்த்து முடிக்க எடுத்த காலத்தை விட, எதை வாங்கிறது என்று சண்டை பிடிச்ச காலம்தான் கூட. ஐந்து கம்பி என்பதில் எல்லாரும் ஒத்துவந்தாச்சு. 34 அங்குலமா 35 அங்குலமா என்றதில்தான் குழு இரண்டாய்ப் பிரிஞ்சது. கடைசியில் 35 வாங்கினம். இப்ப கேட்டால், யாழ்ப்பாணத்தில் இருந்து வாசிக்கிற ஆள் 34 தான் எடுக்கவேணும் என்று சொல்லுவம்.

முதலில், ஐந்தாவது கம்பி தேவையா? "நாலு கம்பியில வாசிக்க ஏலாததையா நீங்கள் வாசிக்கப் போறியள்?" என்று கேட்காத ஆள் இல்லை. எங்கட பதில் கட்டைக் கணக்கில் இருக்கு. எங்கட பாடகர் ஒரு கட்டையில் பாடுறவர். அதாவது அவருடைய ஸ, மேற்கத்தேயக் கணக்கில் ஸி. நாலு கம்பி பேஸின் மிகத் தாழ்ந்த சுரம் ஈ, அது மூன்று கட்டை. பஞ்சமத்தில் நின்று கீழ் ஸவுக்கு இறங்கவேண்டிய இடத்தில், கீழே சுரம் இல்லாமல் மேல் ஸவுக்கு ஏறவேண்டி வருது. பாட்டு காலூன்ற வேண்டிய இடத்தில் துள்ளுற மாதிரி இருக்கும். ஐந்தாவது கம்பியான பி இருந்தால், முதலாவது ஃபிரெட்டிலேயே கீழ் ஸி கிடைக்கும். ஒன்றரைக் கட்டைக்கு இரண்டாவது, இரண்டு கட்டைக்கு மூன்றாவது ஃபிரெட். இளையராஜாவின் பாட்டுகளில் சசிதரன் வாசிச்ச பேஸைக் கேட்டு வளர்ந்த காதுக்கு, ஸ எங்க விழுது என்பது சின்ன விசயம் இல்லை.

இனி அந்த ஓர் அங்குலம். ஸ்கேல் நீளம் என்றால் தலைப்பக்கத்து நட்டில் இருந்து பிரிட்ஜ் வரை அதிருற கம்பியின் நீளம். 1951 இல் ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ் 34 அங்குலத்தில் வந்தது, அதுவே வழமையாகிட்டுது. பி கம்பி செக்கனுக்கு ஏறத்தாழ 31 தடவைதான் அதிருது. அவ்வளவு மெதுவாக அதிருற கம்பி தளர்ந்து தொளதொளக்கும், அதால் நீளத்தைக் கூட்டவேணும் என்பதுதான் 35 அங்குலக்காரரின் வாதம்.

நாங்கள் கலைப்பீடம். கணக்கும் விஞ்ஞானமும் ஓ.எல் உடன் முடிஞ்சது. ஆனாலும் இந்தக் கணக்கு எங்களுக்கே விளங்கிச்சு. ஒரே கம்பி, ஒரே சுரம் என்றால் இழுவிசை நீளத்தின் வர்க்கத்தோட கூடும். 34 ஐ 35 ஆக்கினால் கூடுறது ஏறத்தாழ 6 சதவீதம். அதே 34 இல் 130 கம்பியைக் கழட்டி 135 போட்டால் ஏறத்தாழ 8 சதவீதம் கூடும். ஓர் அங்குலம் தருகிறதை விடக் கொஞ்சம் கூடவே கம்பியை மாத்தி எடுக்கலாம். மொத்தமான கம்பி விறைப்பாக இருக்கும், மேலொலிகள் கொஞ்சம் மங்கும் என்பது உண்மைதான். அதை மறைக்கேல்லை. மற்றப் பக்கம், நீளமான பேஸில் விரல் எட்டாது என்று பயப்படுத்துறதும் மிகை. முதலாவது ஃபிரெட்டில் வித்தியாசம் ஒன்றரை மில்லிமீற்றர் கூட இல்லை. 1987 இல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரே 5 உம் 34 அங்குலம்தான். அதில் பி கம்பி ஒழுங்காகப் பேசாமல் இத்தனை பேர் வாசிச்சிருக்க மாட்டினம்.

அப்ப ஏன் 34 என்று அடிச்சுச் சொல்லுறம்? கார்த்திகை மழைக்குள் எங்களுக்கு ஒரு நிகழ்ச்சி. ஒரு கிழமைக்கு முதல் பி கம்பி துருப்பிடிச்சுச் செத்துப்போச்சு. யாழில் தேடினம், நாலு கம்பிச் செற்றுதான் கிடைச்சது. கொழும்பில் இருந்து ஐந்து கம்பிச் செற் ஒன்று பஸ்ஸில் வந்துசேர்ந்தது. எங்கட பேஸில் கம்பியை உடலுக்குப் பின்னால் கோர்த்து எடுக்கவேணும், நீளமும் 35. வந்த கம்பியின் மொத்தப் பகுதி நட்டுக்கு முன்னமே முடிஞ்சு, மெலிஞ்ச வால் நட்டில் இருந்தது. அடிச்சால் கரகரப்பு. அண்டைக்கு பேஸைக் கீபோட்டின் இடது கையில் வாசிச்சு முடிச்சம். காசு போட்ட ஆறு பேரும் மேடைக்குக் கீழ ஒருத்தரை ஒருத்தர் பாக்காமல் நின்றம்.

வெளிநாட்டு விமர்சனக் காணொளிகள் சொல்லுறது பிழை இல்லை. ஆனால் அவைக்கு அடுத்த தெருவில் கடை. எங்களுக்குக் கடல் மூன்று பக்கம், உப்புக்காத்து, புரட்டாதி முடிய மழை. 2022 இல் 200 ரூபாய்ச் சொச்சமாக இருந்த டொலர் 360 ஐத் தாண்டின நாடு இது. கம்பிதான் எங்கட தொடர் செலவு. கிற்றார் ஒருக்கா வாங்கிறது. 'எது திறம்' என்று கேட்க முதல், 'பி கம்பி செத்தால் அடுத்தது எங்க எடுப்பன்?' என்று கேளுங்கோ.

பழசு வாங்கப் போறியள் என்றால் ஓர் அளவுநாடா கொண்டுபோங்கோ. நட்டில் இருந்து பன்னிரண்டாவது ஃபிரெட் வரை 17 அங்குலம் இருந்தால் அது 34. பதினேழரை என்றால் 35. கழுத்து உடலோட இறுக்கமாகப் பொருந்தியிருக்கா, பி கம்பி ஐந்தாவது ஃபிரெட்டிலும் தெளிவாக நிக்குதா என்று பாருங்கோ. மிச்சக் காசில் இரண்டு செற் கம்பி எடுத்துவையுங்கோ. வாசிச்சு முடிய காய்ஞ்ச துணியால் துடையுங்கோ. பூச்சுப் பூசின கம்பி விலை கூட. ஆனால் எங்கட காத்துக்கு அது ஆடம்பரம் இல்லை.

அதுக்கும் காசு காணாது என்றால், இருக்கிற நாலு கம்பி பேஸில் பி, ஈ, ஏ, டி என்று ஐந்து கம்பிச் செற்றின் கீழ் நாலையும் போடலாம். நட்டின் வெட்டைக் கொஞ்சம் அகலமாக்கவேணும், மேல் ஜி இல்லாமல் போகும். ஆனால் ஒரு கட்டைப் பாடகருக்குக் கீழ் ஸ கிடைச்சிடும்.

நாங்கள் 35 ஐ விக்கப் போறேல்லை. சரியான நீளக் கம்பி இரண்டு செற் வாங்கத் திரும்பவும் ஆறு பேர் காசு சேர்க்கிறம். இந்த முறை சண்டை இல்லை.