எண்ணெய் மிதக்கும், கணக்கு மூழ்கும்!

பட்டம் வாங்கியாயிற்று, பணியும் கிடைத்தாயிற்று, இனிப் பள்ளிக் கணக்கு எதற்கு என்று கேட்கும் பொறியாளர்களுக்கு ஒரு சேதி சொல்வோம்.

1983 ஜூலை 23. கனடா நாட்டு வானிலே, 41,000 அடி உயரத்திலே, போயிங் 767 விமானம். உள்ளே 69 உயிர்கள். எண்ணெய் தீர்ந்தது, எஞ்சின் இரண்டும் நின்றன! சதியா? இல்லை. புயலா? இல்லை. பெருக்கல் பிழை! 22,300 கிலோ எண்ணெய் தேவை. லிட்டரைக் கிலோவாக்க 0.8 ஆல் பெருக்க வேண்டியவர்கள், பவுண்டுக்குரிய 1.77 ஆல் பெருக்கினர். பாதிகூட ஏறவில்லை. கிம்லி என்னும் ஊரின் பழைய விமானத்தளத்திலே சறுக்கியே இறக்கினார் விமானி, அனைவரும் பிழைத்தனர்.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. எண்ணெயோ தண்ணீரில் மிதப்பது. அது எப்படி 1.77 கிலோ இருக்கும்? பழகிய மூளை கேட்டிருக்கும், தோழர்களே!

அவர்கள் மூடர்களா? அல்லர். அந்த நிறுவனத்திலே கிலோ அளவைக்கு முதலில் வந்த விமான வகை அது. போதிய பயிற்சி தரப்படவில்லை. விசாரணையும் நிர்வாகத்தைக் குறை கூறிற்று. ஆகவே, 'ஓய்வு நேரத்தில் படித்துக்கொள்' என்று கைவிரிக்கும் முதலாளிகளை நாம் கேட்கிறோம்: எந்திரத்துக்கு எண்ணெய் போட வேலைநேரம் ஒதுக்குகிறீர்களே, கணக்கைப் புதுப்பிக்க வாரம் ஒரு மணி, சம்பளம் பிடிக்காமல், ஏன் ஒதுக்கக் கூடாது?