மீன்களுக்கு ஒரு கணக்குப்பிள்ளை!

பிப்ரவரி மாதம். கடுங்குளிர். மழை தூறிக்கொண்டு இருக்கிறது.

ஆற்றங்கரையில் ஒரு பெண் நிற்கிறார். தலையில் தொப்பி. காலில் ரப்பர் பூட்ஸ். கையில் ஓர் அட்டை, அதில் செருகிய தாள், ஒரு பென்சில்.

ஒரு படகு கரைக்கு வருகிறது. அதில் 2 பேர். கையில் தூண்டில்.

"வணக்கம் ஐயா! காலையில் எத்தனை மணிக்குத் தூண்டில் போட்டீர்கள்?"

"7 மணிக்கு."

"எத்தனை மீன் சிக்கியது?"

"ஒன்றே ஒன்று. அதையும் ஆற்றிலேயே விட்டுவிட்டோம்."

"மிக்க நன்றி, ஐயா!"

அந்தப் பெண் எழுதிக்கொள்கிறார். அடுத்த படகுக்காகக் காத்து நிற்கிறார்.

இதுதான் அவருடைய உத்தியோகம்! இதற்காக அவர் கல்லூரியில் உயிரியல் படித்துப் பட்டம் வாங்கி இருக்கிறார்.

"மீனை எண்ணுவதற்கு ஒரு பட்டதாரியா? அதற்கு ஒரு சம்பளமா?" என்று கேட்கத் தோன்றும். அந்த ஊரிலேயே அப்படிக் கேட்பவர்கள் உண்டு.

ஆனால் அந்தப் பென்சில் நின்றுபோனால், அந்த ஆற்று மீனுக்குக் காவல் போய்விடும். எப்படி என்று பாருங்கள்.

எந்த ஊர்?

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் வாஷிங்டன் என்று ஒரு மாநிலம் இருக்கிறது. (ஜனாதிபதி இருக்கும் வாஷிங்டன் நகரம் வேறு, இது வேறு.) அங்கே ஸ்காஜிட் என்று ஓர் ஆறு. கனடா நாட்டு மலைகளில் பிறந்து, வாஷிங்டன் மாநிலத்துக்குள் ஓடி, பியூஜெட் சவுண்ட் என்ற கடல் பகுதியில் கலக்கிறது.

இந்த ஆற்றுக்குச் சால்மன் மீன்கள் வருகின்றன. ஸ்டீல்ஹெட் என்ற மீனும் வருகிறது.

இவை அதிசய மீன்கள். ஆற்றில் பிறக்கின்றன. கடலுக்குப் போய் வளர்கின்றன. முட்டை இடுவதற்குப் பிறந்த ஆற்றுக்கே திரும்பி வருகின்றன. பசிபிக் கடல் சால்மன் முட்டை இட்டதும் இறந்துவிடும். ஸ்டீல்ஹெட் அப்படி அல்ல. பிழைத்தால் மறுபடி கடலுக்குப் போகும். மறுபடியும் திரும்பி வரும்.

நீலகிரி ஓடைகளில் 'ரெயின்போ டிரவுட்' என்ற மீன் இருக்கிறது அல்லவா? நூறு ஆண்டுகளுக்கு முன்பு வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட மீன். அந்த மீனும் ஸ்டீல்ஹெட்டும் ஒரே இனம்! ஆற்றிலேயே தங்கிவிட்டால் ரெயின்போ டிரவுட். கடலுக்குப் போய்த் திரும்பினால் ஸ்டீல்ஹெட்.

வாஷிங்டன் மக்களுக்கு ஸ்டீல்ஹெட் என்றால் உயிர். 1969-ம் ஆண்டில் அதையே தங்கள் மாநில மீனாக ஆக்கினார்கள்.

அப்படிப்பட்ட மீன் குறைந்துகொண்டே வந்தது. பியூஜெட் சவுண்ட் ஆறுகளின் ஸ்டீல்ஹெட், 2007-ம் ஆண்டில், ஆபத்தில் உள்ள இனங்களின் சட்டப் பட்டியலில் சேர்ந்தது.

பொழுதுபோக்குத்தான், ஆனாலும்...

அங்கே தூண்டில் போடுகிறவர்களில் பெரும்பாலோர் பிழைப்புக்காகப் போடுவது இல்லை. சர்க்காரிடம் லைசென்சு வாங்கிக்கொண்டு பொழுதுபோக்குக்காகப் போடுகிறார்கள். வக்கீல், தச்சர், பள்ளி ஆசிரியர், லாரி டிரைவர் எல்லோரும் வருவார்கள். அப்பா தன் மகனை அழைத்து வருவார். தாத்தா தன் பேத்தியை அழைத்து வருவார்.

ஒருவர் ஒரு மீன் பிடித்தால் ஆறு குறைந்துவிடாது. ஆனால் ஆயிரம் பேர் ஆளுக்கு ஒன்று பிடித்தால்?

கடையில் எடை போட்டு விற்கும் மீனுக்கு ரசீது உண்டு. பொழுதுபோக்காகப் பிடிக்கும் மீனுக்கு ரசீது ஏது? கரையில் போய் நின்று கேட்டால்தான் தெரியும்.

எப்படிக் கணக்குப் போடுகிறார்கள்?

ஆற்றில் உள்ள எல்லோரையும் கேட்க முடியாது. அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வீட்டுக் கணக்குப் போலச் சுலபமானது.

10 பேரைக் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 பேரும் சேர்ந்து 40 மணி நேரம் தூண்டில் போட்டார்கள். சிக்கியது 4 மீன். அப்படியானால் 10 மணி நேரத்துக்கு ஒரு மீன்.

அந்த வாரம் முழுவதும் ஆற்றில் எல்லோரும் சேர்ந்து எத்தனை மணி நேரம் மீன் பிடித்தார்கள்? கரையில் நிற்பவர்களையும், படகுகளையும், படகு இழுத்துவந்த வண்டிகளையும் பல நேரங்களில் எண்ணி இதைக் கண்டுபிடிக்கிறார்கள். 2,000 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், சிக்கிய மீன் 200.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. "எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, அம்மா! என்னை ஏன் கேட்கிறீர்கள்?" என்று சிலர் நழுவப் பார்ப்பார்கள். அவரைத்தான் முக்கியமாகக் கேட்க வேண்டும்! வெறுங்கையோடு போகிறவரை விட்டுவிட்டு, மீன் கிடைத்தவரை மட்டும் கேட்டால், ஆறு நிறைய மீன் இருப்பதுபோல் தோன்றும். பூஜ்யமும் ஒரு கணக்குத்தான்.

விட்ட மீன் பிழைக்குமா?

"நாங்கள்தான் மீனை ஆற்றிலேயே விட்டுவிடுகிறோமே! பிறகு கணக்கு எதற்கு?" என்று கேட்பவர்களும் உண்டு.

இயற்கையாக ஆற்றில் பிறந்த ஸ்டீல்ஹெட்டைத் திருப்பி விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். விட வேண்டிய மீனைத் தண்ணீருக்கு வெளியே முழுவதும் தூக்கவும் கூடாது.

ஆனால் விட்ட மீன் எல்லாம் பிழைப்பது இல்லை. தூண்டில் முள் செவுளில் குத்தியிருக்கும். போராடிக் களைத்திருக்கும். ஸ்காஜிட் ஆற்றுக் கணக்கில், விட்ட மீன் பத்தில் ஒன்று செத்துவிடும் என்று வைத்துக்கொள்கிறார்கள்.

200 மீனைப் பிடித்து விட்டால் 20 மீன் சாவு! சாவதைப் பிடித்தவர் பார்ப்பது இல்லை. அவர் சந்தோஷமாக வீட்டுக்குப் போய்விடுவார். அந்த 20 மீனைப் பார்க்கும் கண், அந்தப் பெண்ணின் தாள் ஒன்றுதான்.

பாகப் பிரிவினை

ஸ்காஜிட் ஆற்றில் ஸ்டீல்ஹெட் பிடிப்பது பல ஆண்டுகள் நின்றிருந்தது. 2018-ம் ஆண்டில் மத்திய சர்க்கார் ஒரு திட்டத்துக்கு அனுமதி கொடுத்தது. பிடித்து விட்டுவிடலாம், ஆனால் அளவு உண்டு.

அந்த ஆண்டு ஆற்றுக்கு எத்தனை மீன் வரும் என்று முன்கூட்டியே மதிப்புப் போட வேண்டும். 4,000-க்கு மேல் போகாது என்றால், மீன்பிடியால் சாவது நூற்றுக்கு 4-க்கு மேல் போகக் கூடாது. 4,000-க்கு மேல் 6,000 வரை என்றால் நூற்றுக்கு 10. 8,000-க்கு மேல் வந்தால்தான் நூற்றுக்கு 25. மீன் குறைந்தால் மனிதன் பங்கும் குறைய வேண்டும். நியாயமான ஏற்பாடு!

அந்தப் பங்கு தூண்டில்காரர்களுக்கு மட்டும் அல்ல. ஆற்றுக்கு முதல் சொந்தக்காரர்கள் அங்கே உள்ள பழங்குடி மக்கள். 1855-ம் ஆண்டில் அவர்கள் தங்கள் நிலங்களை அமெரிக்க சர்க்காருக்கு விட்டுக்கொடுத்து ஒப்பந்தம் செய்தார்கள். "வழக்கமான இடங்களில் மீன் பிடிக்கும் உரிமை எங்களுக்கு வேண்டும்" என்று அதில் எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

பிறகு அந்த உரிமையை மற்றவர்கள் மறந்தார்கள். தங்கள் ஆற்றில் வலை போட்டதற்காகவே பழங்குடி மக்கள் சிறைக்குப் போனார்கள். கடைசியில், 1974-ம் ஆண்டில் நீதிபதி ஜார்ஜ் போல்ட் தீர்ப்புச் சொன்னார்: பிடிக்கத் தக்க மீனில் பாதி வரை பழங்குடி மக்களுக்கு உரிமை உண்டு. 1979-ம் ஆண்டில் நாட்டின் உச்ச நீதிமன்றமும் அதைப் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டது.

பாதி என்று தீர்ப்பு வந்துவிட்டது. ஆனால் முழுசு எவ்வளவு என்று தெரியாமல் பாதி எது என்று யாரால் சொல்ல முடியும்?

அண்ணன் தம்பிக்குள் பாகம் பிரிக்கும்போது, ஒருவன் தான் எடுத்ததை மறைத்தால் குடும்பம் கோர்ட்டு வாசலுக்குப் போய்விடும். ஆற்றுக்கும் அதே கதைதான்.

மூக்கில் ஒரு கம்பி

சால்மன் மீனுக்கு இந்த நிபுணர்கள் இன்னொரு வேலையும் செய்கிறார்கள். பண்ணைகளில் வளர்த்து ஆற்றில் விடும் குஞ்சுகளுக்கு, முதுகில் வாலுக்கு அருகில் உள்ள சின்னத் துடுப்பை வெட்டி அடையாளம் செய்கிறார்கள். சில குஞ்சுகளின் மூக்கில் ஒரு கம்பித் துண்டையும் செருகுகிறார்கள். அதன் நீளம் ஒரு மில்லி மீட்டரை விடச் சற்றுத்தான் அதிகம்! அதில் குறியீட்டு எண் இருக்கும்.

பல ஆண்டுகள் கழித்து அந்த மீன் ஒருவர் தூண்டிலில் சிக்குகிறது. நிபுணர் ஒரு கருவியை மீன் தலை மேல் காட்டுகிறார். கம்பி இருந்தால் கருவி காட்டிக்கொடுத்துவிடும். மூக்குப் பகுதியை வெட்டி வாங்கி ஆராய்ச்சிக் கூடத்துக்கு அனுப்புகிறார். எந்தப் பண்ணையில் பிறந்தது, எந்த ஆண்டு விட்டது என்பது தெரிந்துவிடும்.

மீனின் செதிலையும் எடுத்துக்கொள்வது உண்டு. மரத்தை வெட்டினால் வளையம் தெரியும் அல்லவா? செதிலிலும் வளையம் உண்டு. ஆற்றில் எத்தனை ஆண்டு, கடலில் எத்தனை ஆண்டு என்பதை அது சொல்லும்.

ஒரே ஒரு மீன்!

எண்ணிக்கையின் அருமைக்கு ஓர் உண்மைக் கதை போதும்.

பக்கத்து மாநிலம் ஐடஹோ. அங்கே ரெட்பிஷ் என்ற ஏரி. கடலிலிருந்து ஏறக்குறைய 900 மைல் நீந்தி, அணைகளைத் தாண்டி, சாக்கை என்ற சால்மன் அங்கே வரும். ஒரு காலத்தில் கூட்டம் கூட்டமாக வந்த மீன் அது. 1992-ம் ஆண்டில் எத்தனை வந்தது தெரியுமா?

ஒன்று! ஒரே ஓர் ஆண் மீன்!

மக்கள் அதற்கு 'தனிமை லாரி' என்று பெயர் வைத்தார்கள். அதன் விந்தை எடுத்துப் பத்திரப்படுத்தி, இனம் அழியாமல் காக்கும் வளர்ப்பு வேலைக்குப் பயன்படுத்தினார்கள்.

முந்தின ஆண்டே அந்த இனத்தை அழியும் இனம் என்று சர்க்கார் அறிவித்து, காக்கும் வேலை தொடங்கி இருந்தது. எண்ணிக்கை இல்லாவிட்டால் அந்த அறிவிப்பு எங்கிருந்து வந்திருக்கும்? கடைசி மீன் வந்ததும் போனதும் யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்.

கோபம் யார் மேல்?

கணக்கு எல்லையைத் தொட்டால் ஆற்றை மூடிவிடுவார்கள். படகு ஓட்டுகிறவருக்கு வருமானம் இல்லை. ஓட்டல் அறைகள் காலி. தூண்டில் கடையில் ஈ ஓட்ட வேண்டும். அந்தக் கஷ்டம் பொய் அல்ல. கோபம் கரையில் நிற்கும் பெண் மேல் திரும்புகிறது.

"அணைக்கட்டு கட்டினார்கள். காட்டை வெட்டினார்கள். கடல் சூடாகிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு, ஒரு மீன் பிடிக்கும் ஏழையின் கூடையைச் சோதிக்கிறார்களே!" என்கிறார்கள்.

இதில் பாதி நியாயம் இருக்கிறது. மீன் குறைந்ததற்குத் தூண்டில் மட்டும் காரணம் அல்ல. ஆனால் அணைக்காரரிடம் போய், "உங்களால் மீன் குறைந்தது" என்று வழக்காட என்ன சாட்சி வேண்டும்? எண்ணிக்கை வேண்டும்! "நாங்கள் இவ்வளவுதான் எடுத்தோம், மிச்சம் எங்கே?" என்று கேட்க, தான் எடுத்ததை முதலில் ஒழுங்காகச் சொல்ல வேண்டும். கணக்கை மறைக்கிற தூண்டில்காரர் தன் சாட்சியைத் தானே கலைக்கிறார்.

பொய் இரண்டு வகை. சிக்கிய மீனைக் குறைத்துச் சொன்னால் 20 சாவு 10 ஆகத் தெரியும். மற்ற 10 மீன் கணக்கில் வராமலே சாகும். பெருமைக்காகக் கூட்டிச் சொன்னாலும் கேடுதான். ஆறு முன்னதாகவே மூடிவிடும்! அப்போது யாரை நோவது?

சர்க்காருக்கும் கடமை உண்டு. செலவைக் குறைக்க நினைப்பவர்கள் கண்ணில் முதலில் படுவது இப்படிப்பட்ட சின்ன உத்தியோகம்தான். அது தப்பு. எண்ண ஆள் இல்லாத ஆற்றைத் திறக்கக் கூடாது. திறக்க வேண்டும் என்றால் முதலில் எண்ணுகிற ஆளுக்குச் சம்பளம் ஒதுக்க வேண்டும். கல்லாப் பெட்டியைத் திறந்து போட்டுவிட்டு, கணக்குப்பிள்ளையை வீட்டுக்கு அனுப்பும் முதலாளி எத்தனை நாள் கடை நடத்துவார்?

ஒரு வார்த்தை

அந்தப் பெண்ணின் கையில் துப்பாக்கி இல்லை. விலங்கு இல்லை. சொல்வதை எழுதிக்கொள்ளத்தான் அவரால் முடியும். படகை அவிழ்த்துக்கொண்டு போகிறவர் உண்மை சொன்னால் மீன் பிழைக்கும். பொய் சொன்னால் மீன் சாகும்.

மழை இன்னும் விடவில்லை. இன்னொரு படகு கரைக்கு வருகிறது. அப்பாவோடு ஒரு சிறுவன் இறங்குகிறான்.

"எத்தனை மீன் சிக்கியது, தம்பி?"

சிறுவன் அப்பாவின் முகத்தைப் பார்க்கிறான். அப்பா என்ன சொல்கிறாரோ, அதைத்தான் நாளைக்கு அவனும் சொல்வான்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது பழமொழி. ஆற்றிலிருந்து எடுத்தாலும் எண்ணி எடுக்க வேண்டும்!